ககோஷிமாவிலிருந்து அப்பாவுக்கு

ககோஷிமா,
20.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு ஜப்பானில் நலமாக இருக்கிறேன். அங்கு நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலமென்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், "என் பெரியப்பாவைக் கொண்டுபோன நாடாச்சே, அந்தச் சண்டையைப் பத்தி அங்கே யாராவது வாய் திறக்கிறாங்களா?" என்று கேட்டீர்கள். வேலை நேரமாக இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமும் அல்ல அது. ஆகவேதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் இருப்பவர்களுள் 1926ஆம் ஆண்டு பிறந்த பாட்டி ஒருவர் உண்டு. நான் வந்த புதிதில் ஒருநாள், அம்மா கொடுத்தனுப்பிய வெள்ளைத் துண்டில் சாப்பாட்டு டப்பாவை முடிந்து எடுத்துப்போய், அவர் கட்டிலருகே இருந்த மேசையில் ஞாபகமில்லாமல் வைத்துவிட்டேன். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலைவரை ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. என்ன தவறு செய்தேன் என்று தெரியாமல் தவித்த என்னை மூத்த ஊழியர் ஒருவர் தனியே அழைத்து விவரம் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் இறந்தவரின் எலும்பை வெள்ளைத் துணி சுற்றிய மரப்பெட்டியில் வைத்துத்தான் வீட்டாரிடம் ஒப்படைப்பார்களாம். பாட்டியின் அண்ணன் பர்மா போர்முனையில் இறந்தவர். அவர் பெயரில் வந்த பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு கல் இருந்திருக்கிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகியும் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி அவர் கண்ணுக்கு அந்தப் பெட்டியாகவே தெரிகிறது. அன்றிலிருந்து நான் நீலத் துண்டில்தான் டப்பாவைக் கட்டுகிறேன்.

பழகப் பழகப் பாட்டியே பேச ஆரம்பித்தார். போர்க்காலத்தில் ஆண்களைப் படைக்கு அழைக்கும் ஆணை சிவப்புத் தாளில் வரும். அந்தத் தாள் வந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வந்து வாழ்த்துச் சொல்வார்கள். பெற்றவள் எல்லார் முன்னிலையிலும் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லவேண்டும், அழக்கூடாது. அதன் பிறகு அவள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள வெள்ளைத் துணியும் சிவப்பு நூலும் ஊசியும் எடுத்துக்கொண்டு தெருமுனையிலோ ரயில் நிலைய வாசலிலோ போய் நிற்பாள். வருகிற போகிற பெண்களிடம் ஆளுக்கு ஒரு முடிச்சாகக் கேட்டு, ஆயிரம் பேர் கைபட்டு ஆயிரம் முடிச்சு ஆனதும், அதை மகன் இடுப்பில் கட்டி அனுப்புவாள். இதற்கு சென்னின்பாரி என்று பெயர். 'ஆயிரம் பேர் ஊசி' என்று பொருள். ஐந்து சென் காசையும் அதில் வைத்துத் தைப்பார்கள். நான்கு சென் என்பதைச் சொல்லும் ஒலியிலேயே மரணத்தின் எல்லை என்று பொருள்படும் சொல்லும் இருப்பதால், ஐந்து சென் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆளுக்கு ஒரு முடிச்சுத்தான் கணக்கு என்றாலும், புலி ஆண்டில் பிறந்த பெண்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கே பன்னிரண்டு ஆண்டுச் சுற்றில் ஆண்டுக்கொரு விலங்கின் பெயர். அவர்கள் தங்கள் வயது எத்தனையோ அத்தனை முடிச்சுப் போடலாம். புலி ஆயிரம் காதம் போனாலும் ஆயிரம் காதமும் திரும்பி வந்துவிடும் என்று இங்கே ஒரு சொல் வழங்குகிறது. பாட்டி பிறந்த 1926 புலி ஆண்டு. அதனால் பதினேழு வயதுப் பெண்ணாக இருந்த அவரைத் தேடி ஊர்த் தாய்மார்கள் துணியோடு வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். ஒரு மாலை, என் சீருடையில் அறுந்த பொத்தானைத் தைக்க எடுத்துவந்த ஊசியை அவர் வாங்கிக்கொண்டார். நடுங்கும் கைதான், ஆனால் ஊசியைப் பிடித்ததும் நடுக்கம் நின்றது. நூலை ஊசிமுனையில் சுற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் கடுகளவு முடிச்சொன்றைக் கைக்குட்டை ஓரத்தில் போட்டார். "எத்தனை பேருக்குத் தைத்தேன் என்று எண்ணவில்லை. திரும்பி வந்தவர்களை எண்ண ஒரு கை போதும்" என்றார். அந்தக் கைக்குட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்பா, என் மனத்தில் பட்டதை எழுதுகிறேன். அந்தப் பெண்கள் ஊசி பிடித்தது பிள்ளை உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்ற ஒரே வேண்டுதலோடுதான். அதையே நாட்டுப்பற்றின் அடையாளம் என்று கொண்டாடிய அரசு, பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் எண்ணமே இல்லாமல் போர்முனைக்கு அனுப்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

சென்ற மாதம் விடுமுறையில் சிரான் என்ற ஊருக்குப் போனேன். ககோஷிமா நகரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்று தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊர். 1945இல் அங்கே தரைப்படையின் விமானதளம் இருந்தது. விமானத்தில் 250 கிலோ குண்டைக் கட்டிக்கொண்டு தெற்கே ஓகினாவாத் தீவுக் கடலில் நின்ற அமெரிக்கக் கப்பல்கள்மேல் மோதி இறக்கும்படி இளைஞர்களை அங்கிருந்து அனுப்பினார்கள். ஓகினாவாப் போரில் இப்படி இறந்த தரைப்படை வீரர்கள் 1,036 பேர். அவர்களுள் 439 பேர் சிரானிலிருந்து கிளம்பியவர்கள். பள்ளி மாணவிகள் செர்ரிப் பூக்கிளைகளை அசைத்து வழியனுப்பியிருக்கிறார்கள். கிளம்பியவர்கள் கடைசியாகப் பார்த்த தாய்மண் கைமோன் மலை. இறந்தவர்களில் கொரியர்களும் பதினொரு பேர். தங்கள் நாட்டைப் பறித்த ஜப்பானுக்காக உயிரையும் கொடுக்கவேண்டி வந்தவர்கள்.

இன்று அங்கே இருக்கும் அருங்காட்சியகச் சுவரில் அந்த 1,036 முகங்களையும் பெயரோடு வைத்திருக்கிறார்கள். பதினேழு வயதுப் பையனும் உண்டு. கண்ணாடிப் பெட்டிகளில் அவர்கள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் எழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. ஒரு கடிதத்தை மட்டும் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஐந்து வயது மகனுக்கும் இரண்டு வயது மகளுக்கும் ஒரு தகப்பன், அவர்கள் பள்ளி சேர்ந்ததும் தாங்களே படிக்கட்டும் என்று, அக்காலத்தில் சிறுபிள்ளைகள் முதலில் கற்ற கடகானா எழுத்திலேயே முழுவதையும் எழுதியிருந்தார். நானும் அந்த அளவுக்குத்தான் கற்றிருக்கிறேன். அங்கிருந்து நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை தணிக்கைக்குப் பயந்து எழுதியவை என்பதையும் மறக்கக்கூடாது. அந்த ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தொரிஹாமா தோமே என்ற அம்மையார், தணிக்கைக்குத் தப்பும்படி அவர்களுடைய கடிதங்களை வாங்கித் தாமே வீடுகளுக்கு அனுப்பினார். பையன்கள் அவரை அம்மா என்றுதான் அழைத்தார்கள். இயந்திரக் கோளாறால் உயிரோடு திரும்பியவர்களை ஃபுகுவோகாவில் ஒரு விடுதியில் அடைத்து, ஏன் சாகவில்லை என்று கேட்டு வதைத்திருக்கிறார்கள். எல்லாரும் விரும்பித்தான் போனார்கள் என்று சொல்லக் கேட்கும்போது எனக்கு அந்த விடுதிதான் நினைவுக்கு வருகிறது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இங்கே தங்கள் பிள்ளைகளைப் பற்றி மனம் விட்டுப் பேசுகிறார்கள். கடல் கடந்து இறந்தவர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இன்னும் வீடு திரும்பவில்லை. அவற்றைத் தேடும் வேலை இன்றும் நடக்கிறது. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ஜப்பான் படை ரயில் ஏற்றிக் கொண்டுபோன நம்மவர்களைப் பற்றி நான் பேசிப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பாட்டியிடம் நானே சொன்னேன். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் படை அவர்களை வேலை வாங்கி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டதையும், காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களில் தமிழர் ஆயிரமாயிரம் பேர் என்பதையும், போருக்குப் பின் ஊர் திரும்பிய ஒருவர், உங்கள் பெரியப்பா சயாம் ரயிலில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னதோடு சேதி நின்றுபோனதையும் சொன்னேன். செத்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் முடியாமல், மகன் வருவான் என்றே பூட்டி சாகும்வரை அவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டுச் சமைத்ததை அப்பத்தா சொல்வார்களே, அதையும் சொன்னேன். அந்தப் பாதை பர்மாவில் இருந்த படைக்கு அரிசியும் குண்டும் கொண்டுபோகப் போட்டது. பாட்டியின் அண்ணன் இருந்த படையும் அதுதான். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கே புரிந்தது.

வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெட்டியாவது வந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அவர் பெயர் என்ன?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அப்பா. 'மலாயாவுக்குப் போனவர்' என்று சொல்லித்தான் நம் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாத நடுவில் இங்கே ஓபோன் வருகிறது. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள் அவை. முடிவில் காகித விளக்கில் பெயர் எழுதி ஆற்றில் விடுவார்கள். பாட்டி தம் அண்ணன் விளக்கோடு இன்னொரு விளக்கும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அப்பத்தாவைக் கேட்டு அவருடைய முழுப்பெயரை எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம் என்று பாட்டி சொல்கிறார்.

தங்கள் அன்பு மகள்