மிதக்கும் படகின் பிரேக் எங்கே இருக்கிறது?

அன்புள்ள மருமகளே,

நீ கற்பனையாக ஒரு நாட்டைக் கட்டி எழுதிய நோட்டு வந்து சேர்ந்தது. இரண்டு தடவை படித்துவிட்டேன். முதலில் பார்த்தது வரைபடத்தைத்தான். நடுவில் மலை, மலையைச் சுற்றிக்கொண்டு கீழிருந்து மேலே ஏறும் ஆறு, ஓரமெல்லாம் மிதக்கும் படகுத் துறைகள். மந்திரக்கல் பதித்த சக்கரங்கள் ஆற்றைப் படிப்படியாகத் தூக்கிக் கொடுக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு படத்துக்காகவே உன் நாட்டில் குடியேறலாம். நாட்டின் பேரை மட்டும் இங்கே சொல்லவில்லை, அது உன் சொத்து. மற்றதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். உன்னைப் போல நோட்டுக்குள் நாடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகட்டும்.

சரி, குறைக்கு வருகிறேன். முதல் அரசி நாட்டை நிறுவிய கதை மூன்று பக்கம் ஓடுகிறது. அப்புறம் இப்படி முடித்துவிட்டாய்: ‘முந்நூறு ஆண்டுகள் போரே இல்லை. மக்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள்.’ அடுத்த பக்கம் புரட்டினால் கதாநாயகி பிறந்து தவழ்கிறாள். முந்நூறு வருஷத்தை ஒரே தாவாகத் தாவிவிட்டாயே! போர் இல்லையென்றால் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாய் போல. எனக்கு அந்த முந்நூறு வருஷம்தான் வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மந்திர நாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உன் அம்மா கேட்பாள். கேட்கட்டும்.

லிஃப்டில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நினைப்பது, கரண்ட்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கரண்ட் போனால் விழுந்துவிடும் என்று. உண்மை நேர் எதிர். மோட்டாரை ஒட்டி ஒரு பிரேக் இருக்கும். கனமான ஸ்பிரிங் எந்நேரமும் பிரேக் கட்டைகளை டிரம்மின் மேல் அழுத்திப் பிடித்தபடியே இருக்கும். கரண்ட் பாய்ந்து காந்தம் இழுத்தால்தான் அந்தப் பிடி தளரும், லிஃப்ட் நகரும். கரண்ட் போனதும் காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். நிற்பது அதன் சுபாவம், ஓடுவதற்குத்தான் அது அனுமதி கேட்க வேண்டும். அதையும் மீறி வேகம் கூடினால் கவர்னர் என்று ஒரு சக்கரம் தன் கயிற்றைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுப்பில் கூண்டின் ஆப்புகள் இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் கடித்துக்கொள்ளும். நான் வேலை கற்றபோது முதல் மாதம் முழுக்க அந்த ஆப்புகளைத் துடைத்துச் சுத்தம் செய்வதுதான் வேலை. சலிப்பாக இருந்தது. எதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

1854இல் நியூயார்க் பொருட்காட்சியில், லிஃப்ட் விழாமல் பிடிக்கும் பிரேக்கைச் செய்த எலிஷா ஓடிஸ் கூட்டத்தின் நடுவே மேடையோடு மேலே போய் நின்று, தூக்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. மேலே தூக்கும் இயந்திரங்கள் அதற்கு முன்பே இருந்தன. மனிதர்கள் நம்பி ஏறுவதற்கு அந்த வெட்டுப்பட்ட கயிறு தேவைப்பட்டது.

இப்போது உன் படகைப் பார். ‘கல் ஒளிரும்வரை மிதக்கும்’ என்று எழுதியிருக்கிறாய். ஒளி மங்கினால்? முந்நூறு வருஷத்தில் ஒரு கல்கூடவா மங்கவில்லை? மங்கியிருக்கும். ஒரு படகு விழுந்திருக்கும், அதில் ஆட்கள் இருந்திருப்பார்கள். உன் நாட்டின் உண்மையான வரலாறு அன்றைக்குத்தான் தொடங்குகிறது என்பேன். அன்று ராத்திரி கொல்லர்களும் மந்திரக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து என்ன சொல்லிக்கொண்டார்கள்? கல் செத்தால் படகு தானாக எதைப் பிடித்துக்கொள்ளும்? அரசி மகுடம் சூடிய காட்சியை விட இந்த இரவை எழுது.

இன்னொன்று. உன் நாட்டில் பொறிகளைச் செய்கிறவர்கள் அதன் உள்ளே இருப்பதை ஊருக்குக் காட்டுவார்களா, மறைப்பார்களா? முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹீரோன் என்றொருவர் இருந்தார். பலிபீடத்தில் தீ மூட்டினால் கோயில் கதவு தானே திறக்கும் ஏற்பாட்டை அவர் விவரித்திருக்கிறார். தீயில் அடியிலுள்ள காற்று சூடாகி விரியும், அது தண்ணீரை ஒரு வாளிக்குள் தள்ளும், வாளி கனத்து இறங்கும்போது கயிறு கதவுத் தண்டைத் திருப்பும். வெளியே நிற்பவனுக்கு அது தெய்வம், உள்ளே போனவனுக்கு ஒரு வாளித் தண்ணீர். 1206இல் அல் ஜஸரி என்ற பொறியாளர் ஐம்பது பொறிகளைப் பற்றி எழுதியபோது செய்முறையையும் படங்களையும் சேர்த்தே கொடுத்தார். வாளியை மறைக்கும் நாடு ஒரு மாதிரி வளரும், வாளியைக் காட்டும் நாடு வேறு மாதிரி வளரும். நீ இரண்டில் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால்தான் உன் மந்திரக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

நம் பழைய ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் ராணி விசயைக்காக மயிற்பொறி செய்யச் சொல்கிறான். ‘பறந்தது’ என்று திருத்தக்கதேவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்துகொண்டு ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும் என்று ஓட்டும் விதத்தையே சொல்லிவிடுகிறார். விசயை அதை முன்கூட்டியே ஓட்டிப் பழகுகிறாள். துரோகி மந்திரி கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த அன்று அந்தப் பழக்கம்தான் உதவுகிறது. மயில் அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்குகிறது, சீவகன் அங்கே பிறக்கிறான். அரசன் அவளை அனுப்பிவிட்டுச் சண்டைக்குப் போய்ச் சாகிறான். ஒரே ஒரு மயில், அதுவும் அரண்மனைக்குள். அது காவியத்துக்குப் போதும். உன் துறைகளில் நானூறு படகுகள் நிற்கின்றன. அவற்றை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மீன் விற்கிறவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெருங்கதை என்ற இன்னொரு காவியத்தில் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. யானைப் பித்தனான மன்னன் உதயணனைப் பிடிக்க, எதிரி அரசன் பிரச்சோதனன் பொய் யானை ஒன்றைச் செய்து, அதன் உள்ளே வீரர்களை ஒளித்து அனுப்புகிறான். ஆசைப்பட்டதைப் போலவே பொறி செய்தால் ஆளைப் பிடித்துவிடலாம். உன் அமைதியான நாட்டின் பொம்மைகளைப் பக்கத்து நாட்டான் பார்க்கும்போது அவன் மனதில் என்ன ஓடும் என்று யோசி.

அதற்கு வருகிறேன், ஏனென்றால் உன் நோட்டின் பெரிய ஓட்டை அதுதான். மலை முழுக்க மந்திரச் சக்கரம், படை கிடையாது, சுற்றிலும் ஐந்து ராஜ்ஜியங்கள். முந்நூறு வருஷமாக ஒருத்தனும் ஏன் உள்ளே வரவில்லை? ‘அவர்கள் நல்லவர்கள்’ என்றால் வாசகர் சிரித்துவிடுவார்.

சீனாவில் சொங் வம்ச ஆட்சியின்போது தலைநகர் கைஃபெங்கில் சூ சொங் என்ற அமைச்சர் ஒரு கடிகாரக் கோபுரம் எழுப்பினார். பதினொன்றாம் நூற்றாண்டின் கடைசி, உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். உள்ளே 36 கிண்ணங்கள் கட்டிய பெரிய சக்கரம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் நிரம்பியதும் பூட்டு விலகும், சக்கரம் ஒரு இடம் நகரும், மறுபடி பூட்டிக்கொள்ளும். உச்சியில் நட்சத்திரங்களைப் பார்க்கும் வளையக் கருவி வானத்தோடு சேர்ந்து தானே சுழலும். கீழே பொம்மைகள் வெளியே வந்து நேரத்தைச் சொல்லும். 1127இல் வடக்கேயிருந்து வந்த ஜின் வம்சப் படை நகரைப் பிடித்தது. கோபுரத்தைப் பிரித்து, வடக்கே இன்று பெய்ஜிங் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். பழையபடி ஓடவில்லை. ஒன்று, அவ்வளவு வடக்கே போனதும் வானத்தில் துருவத்தின் உயரமே மாறிவிடுகிறது. கருவி கைஃபெங் வானத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இரண்டாவது, சக்கரப் பற்களைத் தேய்த்துச் சரிசெய்யும் கைப்பழக்கம் சாமான்களோடு வண்டியில் ஏறுவதில்லை. தெற்கே ஒதுங்கிய சொங் அரசாலும், சூ சொங் படங்களோடு எழுதிய நூல் அழியாமல் இருந்தும், அதைத் திரும்பக் கட்ட முடியவில்லை.

இதை அப்படியே எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. ஆனால் உன் சக்கரங்கள் அந்த மலைக்கு, அந்தக் கல்லுக்கு, அந்தச் சரிவுக்கு அளவெடுத்தவை என்று வைத்துக்கொள். தொண்ணூறாவது வருஷம் பக்கத்து ராஜா ராத்திரியோடு ராத்திரியாக மூன்று சக்கரங்களைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். அவனிடம் அவை சுற்றவில்லை. ஒரு வருஷம் கழித்து வெட்கத்தை விட்டு ஆள் அனுப்பி, எப்படி ஓட்டுவது என்று கேட்கிறான். உன் சபை என்ன செய்யும்? சொல்லிக்கொடுத்தால் காவல் போயிற்று. மறுத்தால் அந்த ஊர் வயல் காயும். இந்த வாக்குவாதத்தை இருபது பக்கம் எழுதினாலும் நான் உட்கார்ந்து படிப்பேன்.

நல்ல பொறி நல்ல காரியத்துக்குத்தான் போகும் என்றும் நம்பிவிடாதே. கி.மு. 256 வாக்கில் சீனாவில் சின் அரசின் அதிகாரி லி பிங், ‘மின்’ என்ற பெயருள்ள ஆற்றைக் குறுக்கே அணைக்காமல், கல் நிரப்பிய மூங்கில் கூடைகளை அடுக்கி, இரண்டாகப் பிரித்துவிட்டார். துஜியாங்யான் என்று பெயர். இன்றைக்கும் பாசனம் தருகிறது. வருஷாவருஷம் தூர் வாருவது பழைய வழக்கம். எவ்வளவு ஆழம் என்று யாரும் சண்டை போட வேண்டாம் என்று ஆற்றடியில் இரும்புக் கட்டைகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள், அது கண்ணில் படும்வரை தோண்ட வேண்டும். எனக்கு உலகத்திலேயே பிடித்த இயந்திர பாகம் அந்த அசையாத இரும்புக் கட்டைதான். ஆனால் அந்த விளைச்சல்தான் சின் அரசின் படைகளுக்கும் சோறு போட்டது. கி.மு. 221க்குள் அவர்கள் மற்ற ராஜ்ஜியங்களை எல்லாம் விழுங்கி முடித்தார்கள். உன் நாட்டு நெல்லை யார் வாங்குகிறார்கள்? சண்டை போடும் இரண்டு ராஜாக்களுக்கும் விற்றுக்கொண்டு ‘நாங்கள் அமைதியானவர்கள்’ என்கிறார்களா? அப்படியென்றால் கதை இன்னும் நன்றாக இருக்கும்.

படை இல்லாததும் சும்மா வருவதில்லை. கோஸ்டா ரிக்காவில் 1948இல் உள்நாட்டுப் போர் நடந்தது. ஜெயித்த ஹோசே ஃபிகேரெஸ் அதே வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி படைக் கொட்டடியின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, ராணுவமே வேண்டாம் என்று அறிவித்தார். அந்தக் கொட்டடி இப்போது தேசிய அருங்காட்சியகம். உன் முதல் அரசியின் கையிலும் ஏதாவது சம்மட்டி இருந்திருக்கும். எந்தச் சுவர் என்று நீதான் சொல்ல வேண்டும்.

அப்புறம், போர் இல்லாத இடத்தில் சண்டை இருக்காதா என்ன? தண்ணீர் போதாதா? ஸ்பெயினில் வலென்சியா பேராலய வாசலில் வியாழன்தோறும் மதியம் ஒரு நீதிமன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களுக்கு எட்டு விவசாயிகள் நீதிபதிகள். வழக்கு வாய்வார்த்தையாகவே நடக்கும், தீர்ப்பும் அங்கேயே. குற்றம் சாட்டப்பட்டவன் எந்த வாய்க்காலோ அந்த வாய்க்காலின் ஆள் தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். ஆறு மேலே ஏறும் உன் நாட்டில் முதல் படியில் இருப்பவனுக்கும் கடைசிப் படியில் இருப்பவனுக்கும் எத்தனை வழக்கு இருக்கும்!

தயவுசெய்து இந்த இடைவெளியை நிரப்ப ஒரு போரைக் கொண்டுவந்து செருகிவிடாதே. உன் நோட்டில் எனக்குப் பிடித்ததே அது இல்லாததுதான். அதற்குப் பதிலாக நூற்று நாற்பதாவது வருஷத்தில் ஒரு சாதாரணக் காலையை எழுது. ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர்கள் இருந்தார்கள், தெரியுமா? நல்ல சக்கரம் மணி போலக் கணீரென்னும், விரிசல் விட்டது மொட்டையாகச் சத்தம் போடும். அப்படி ஒரு கிழவி உன் படகுத் துறையில் விடியும் முன்னால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போகிறாள். பின்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், தூக்கக் கலக்கத்தில். முப்பத்தேழாவது கல்லில் கிழவி நிற்கிறாள். மறுபடி தட்டுகிறாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிழவிக்கு அடுத்த வருஷம் காது கேட்காமல் போகப்போகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜப்பானில் ஈஸே ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், 2013இல் 62ஆவது முறை. அந்தப் பெண் கேட்டுப் பழக இருபது வருஷம் கொடு, போதும்.

நோட்டை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படகுப் படத்தில் மட்டும் கை வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அடிப்பலகையில் பென்சிலால் இரண்டு ஆப்பும் ஒரு ஸ்பிரிங்கும் வரைந்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடு. அழிப்பதற்கு முன்னால் அந்தப் படகில் நீ யார் யாரை உட்கார வைத்திருக்கிறாய் என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா