எது பிளஸ்?

பாப்பா,

படம் கிடைத்தது. நாற்பது நாள் கழித்து உன்னிடமிருந்து வந்தது ஒரே வரி: "அப்பா, இதில் எது பிளஸ்?" சரி, அதையாவது கேட்டாயே.

வைஃபை பெட்டி அடாப்டரின் ஒயர், எலி கடித்ததுதானே? தரைத் தளமா? முதலில் அடாப்டரை பிளக்கிலிருந்து எடு. சீவிய முனை இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி வை. நான் கொடுத்தனுப்பிய மஞ்சள் மீட்டர் இருக்கிறதா? மீட்டரின் கறுப்பு ஒயரை 'காம்' துளையில் போடு, சிவப்பை 'வி' துளையில். பத்து ஆம்பியர் துளை வேண்டாம். குமிழை டிசி 20-க்குத் திருப்பு. நேர்கோட்டுக்குக் கீழே புள்ளிக்கோடு போட்ட பக்கம் அது. அலைக்கோடு ஏசி, அதில் வைத்தால் பிளஸ் மைனஸ் தெரியாது. அப்புறம் அடாப்டரைப் போட்டு, முனைக்கு ஒன்றாகத் தொட்டுப் பார். வெறும் 12 காட்டினால் சிவப்பு தொடுவதுதான் பிளஸ். 12-க்கு முன்னால் மைனஸ் கோடு வந்தால் சிவப்பு தொடுவது மைனஸ். வெள்ளைக் கோடு போட்ட ஒயர்தான் பிளஸ் என்பார்கள், நம்பாதே, அளந்து பார். மாற்றிக் கொடுத்தால் வைஃபை பெட்டி போய்விடும். சுவர் பிளக்கில் இந்த வேலையே வேண்டாம். அங்கே 230 வோல்ட், பிளஸ் மைனஸ் கிடையாது, இருப்பது பேஸும் நியூட்ரலும் எர்த்தும்தான்.

சுத்தமாகச் சீவியிருக்கிறாய். என் கடையில் எந்தப் பையனும் இப்படிச் சீவியதில்லை. ஒயர் சீவத் தெரிந்தவளுக்குப் போனை எடுக்கத் தெரியவில்லை. மாப்பிள்ளை ஊரில் இல்லையா? படத்தில் பின்னால் பச்சைச் சுவர். உங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை. பெயிண்ட் அடித்தீர்களோ என்னவோ. அம்மாவிடம் படத்தைக் காட்டவில்லை.

மறுபடி சொல்கிறேன், அளக்காமல் மாட்டாதே. நீ பத்தாவது படித்தபோது அந்த டெம்போவில் ஆல்டர்னேட்டர் டயோடு புகைந்ததே, பையன் தலையில் பழியைப் போட்டு அனுப்பினேனே, பேட்டரி ஒயரை மாற்றி மாட்டியது நான்தான். நீ ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கல்யாணத்தின்போது பெரியப்பா இன்னும் கொஞ்சம் விசாரிப்போம் என்றார். நல்ல இடம் கைவிட்டுப் போய்விடும் என்று அவர் வாயை அடைத்ததும் நான்தான். அன்றைக்கும் நீ ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒயரை முறுக்கிவிட்டால் நிற்காது, சால்டரிங் அயர்ன் கொண்டு வருகிறேன். எந்த விலாசத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் அனுப்பு.

அப்பா