கணவருக்கு உறுதுணையாக

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற மாத இதழில் 'கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தோர்' வரிசையில் எங்கள் பெரியம்மாவைப் பற்றி மூன்று வரி வெளியிட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. அதில் நடு வரி இது: 'சபைக் காரியங்களில் தம் கணவருக்கு உறுதுணையாக இருந்தார்.'

பெரியப்பா 1983-இல் இறந்துபோனார். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவரைக் கோவிலில் பார்க்க வேண்டுமானால் கிறிஸ்துமஸ் அன்று வரவேண்டும், இல்லையென்றால் அசன விருந்துக்கு வரவேண்டும். பெரியம்மாவோ படுக்கையில் விழுந்த வாரம் வரைக்கும் சபை வேலை பார்த்தார்கள். நடுவில் உள்ள நாற்பது வருஷமும் எந்தக் கணவருக்கு உறுதுணையாக இருந்தார்கள் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் எழுதி அனுப்பியது ஒன்றரைப் பக்கம். இடமில்லாமல் சுருக்கியிருப்பீர்கள், சரி. அதே இதழில் பல சபைகள் சேர்ந்த சேகரம் ஒன்றின் செயலாளருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு முழுப் பக்கம், அதுவும் கலரில், இடம் கிடைத்திருந்ததையும் பார்த்தேன்.

பிடியரிசி பற்றித் தங்களுக்குத் தெரியாதது இல்லை. உலையில் போடுவதற்கு முன்னால் கோவிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்போம். சனிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா துணிப்பையோடு தெருத்தெருவாக வந்து வாங்கிப் போவார்கள். ரேஷன் அரிசி, இட்லி அரிசி, பொன்னி எல்லாம் கலந்துதான் வரும். முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, சுளகில் புடைத்து, கல் பொறுக்கி, உழக்கால் அளந்து, நாற்பது பக்க நோட்டில் வீட்டுக்கு ஒரு வரியாக எழுதுவார்கள். போடாத வீட்டையும் எழுதுவார்கள், பக்கத்தில் 'சுகமில்லை' என்று. மறுநாள் ஆராதனை முடிந்து கமிட்டி அங்கத்தினர் ஒருவர் ஏலம் விடுவார். வருஷ அறிக்கையில் 'கமிட்டியாரின் பெருமுயற்சியால்' என்று அச்சாகும்.

ஒரே ஒரு தடவை சேகரக் கமிட்டிக்கு நிற்கலாம் என்று பேரைக் கொடுத்தார்கள். அன்று ராத்திரியே நாலு பேர் வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த அரசியல், நீங்க எங்கள ஜெபத்துல தாங்குங்க" என்றார்கள். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பெரியம்மாவும் வாபஸ் வாங்கிக்கொண்டு, ஜெபத்தில் தாங்கினார்கள்.

இது இன்று நேற்று வந்த வழக்கமா? பாளையங்கோட்டையில் கோவில் கட்டியது யார்? தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை குளோரிந்தா. ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்கிறாள் என்று முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், 1778-இல்தான் கொடுத்தார். 1785-இல் அந்த அம்மாள் கட்டிய கோவில் பிரதிஷ்டை ஆனது. ஊர்ச்சனம் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்று சரியாகத்தான் பேர் வைத்தது. எங்கள் சபை நூற்றாண்டு மலரில் சுவார்ட்ஸ் ஐயருக்கு மூன்று பக்கம், குளோரிந்தாவுக்கு அரை வரி. அந்த அரை வரியும் அதிகாரியைப் பற்றியது.

ஆல்டர் என்கிற பலிபீடத்தில் விரிக்கும் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுப்பது பெரியம்மா. பலிபீடத்துக்கு முன்னால் உள்ள தடுப்பான கிராதிக்கு இந்தப் பக்கம் நின்று கொடுப்பார்கள், மணியடிப்பவர் வாங்கிப் போய் விரிப்பார். 2013-இல் ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆன செய்தியை நான்தான் வாசித்துக் காட்டினேன். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ அவங்க கிராதிக்கு உள்ள போலாம்லா?"

சபையில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிடப் பெரியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களே போன அன்று யார் குளிப்பாட்டுவது என்று எல்லாரும் முகத்தை முகம் பார்த்தார்கள். கடைசியில் நானும், அவர்களிடம் ஓய்வுநாள் பள்ளியில் படித்த ஒரு பிள்ளையும் செய்தோம். வலது மணிக்கட்டில் கரிப்பெட்டி சுட்ட தழும்பு அப்படியே இருந்தது.

தங்களுக்கு வேதம் சொல்ல நான் யார்? அப்போஸ்தலர் ஒன்பதாம் அதிகாரத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்தபோது, விதவைகள் அவள் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காட்டி அழுகிறார்கள். அவள் யாருடைய மனைவி என்று லூக்கா எழுதவில்லை. அவருக்கும் இடப் பற்றாக்குறை இருந்திருக்கும்.

திருத்தம் போடுவதும் போடாததும் தங்கள் விருப்பம். போட்டால், கணவர் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். அப்புறம், செய்தியோடு நான் வைத்து அனுப்பிய போட்டோவைத் தாங்கள் வெளியிடவில்லை. அது பெரியம்மா தனியாக எடுத்துக்கொண்ட ஒரே படம். சபைப் படங்களில் எல்லாம் பின்வரிசையில் பாதி முகம்தான் தெரியும். தயவுசெய்து அதைத் திருப்பி அனுப்பவும். முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கவர் இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தங்கள் ஆயுள் சந்தாதாரர்