துண்டு போட்ட சீட்டு

மாப்ள,

மூணு மாசமா நீ கூப்பிட்டும் போனை எடுக்காத பாவி எழுதுறேன். திட்டுறதை அப்புறம் திட்டு. இங்க எல்லாரும் சுகம். பெரியவ பிளஸ் டூ. என் முதுகுவலி அப்படியே இருக்கு.

கதை லேப்டாப்ல ஆரம்பிச்சுது. நம்மது ஏழாம் தலைமுறை பிராசஸர், விண்டோஸ் 11-க்கு ஆகாதாம். விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுபோச்சு. புதுசு வாங்கலாம்னேன், உன் தங்கச்சி பார்த்த பார்வையில வாயை மூடிக்கிட்டேன். ஆனா அவ கணக்கு எழுதுற டேலிக்கு விண்டோஸ் வேணுமே. சரின்னு ஒரே வீட்டுல நடுச்சுவர் எழுப்பி ரெண்டு குடித்தனம் வைக்க முடிவு பண்ணேன். டேலிக்கு மட்டும் விண்டோஸ், ஆதரவு போனதால அதுக்கு வைஃபை கிடையாது. மத்ததுக்கெல்லாம் லினக்ஸ் மின்ட், விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளம், இலவசம்.

சுவர் எழுப்புறதுலதான் வந்துச்சு வினை. சி டிரைவ்ல 260 ஜிபி காலி. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய்ச் சுருக்கச் சொன்னா, 9 ஜிபிதான் தருவேன்னுது! ரெண்டு நாள் தூக்கம் போச்சு. நம்ம வந்தவாசி கடைசி பஸ் ஞாபகம் இருக்கா? பஸ்ஸே காலியா நிக்கும், கடைசி சீட்டுல மட்டும் எவனோ ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டிருப்பான். அதேதான்டா. டிரைவோட வால் பக்கத்துலேருந்துதான் வெட்ட முடியும். அங்க நகர்த்த முடியாத ஃபைல் ஒண்ணு உட்கார்ந்திருந்தா, அதைத் தாண்டி வெட்ட விடாது. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர்னு விண்டோஸ் தனக்குன்னு போட்டு வச்சிருந்த மூணு துண்டையும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். 140 ஜிபி! பேஜ் ஃபைலை மட்டும் அப்புறம் திருப்பிப் போட்டுட்டேன்.

ஹைபர்னேஷன் போனதோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் ஒழிஞ்சுது. அது இருந்தா விண்டோஸ் முழுசா அணையாது, தூங்குற மாதிரி நடிக்கும். லினக்ஸ் அந்த டிரைவ்ல எழுத முடியாமத் திண்டாடும். மின்ட் அரை மணியில ஏறிடுச்சு. மறுநாள் காலை பத்தரைக்கு உன் தங்கச்சி விண்டோஸைத் திறந்தா மணி அஞ்சு. லினக்ஸ் உள் கடிகாரத்தை உலக நேரத்துல வைக்குது, விண்டோஸ் அதையே நம்ம நேரம்னு நம்புது. லினக்ஸ்ல ஒரு வரி கட்டளையில சரியாச்சு. ஆனா அவ இன்னும் என்னை நம்பல.

இதெல்லாம் சொல்லவா எழுதினேன்? அந்த 9 ஜிபி தகராறு நல்லதாப் போச்சுடா. முதல் நாளே 140 கொடுத்திருந்தா, எதையும் காப்பி எடுக்காமலே அமுக்கியிருப்பேன். அந்த ரெண்டு நாள்ல சும்மா துழாவினப்ப 'மாப்ள கொடுத்தது'ன்னு ஒரு ஃபோல்டர். உன் டிஸ்க் செத்தப்ப எல்லாம் போச்சுன்னியே, அந்தப் படங்கதான். 41 இருக்கு. உங்கப்பா சைக்கிள் கடை வாசல்ல, கையில பம்ப்போட, யாரையோ திட்டிக்கிட்டே சிரிக்கிறார். திட்டு நமக்குத்தான், ஓரத்துல நம்ம ரெண்டு தலையும் தெரியுது.

காரியத்துக்கு வராததுக்கு உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் போனை எடுக்கல.

பென் டிரைவ் இதோட வச்சிருக்கேன். உன் லேப்டாப் புதுசு, நீயும் ரெண்டு குடித்தனத்துக்கு ஆசைப்பட்டா முதல்ல டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஓடுதான்னு பாரு. ஓடினா அந்த 48 இலக்கச் சாவியைப் பேப்பர்ல எழுதி வச்சுக்கோ. படங்களை அம்மாகிட்ட காட்டு. சைக்கிள் கடைப் படத்தைக் கடைசியாக் காட்டு.

ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடுறேன்.