செயலாளரின் ஆண்டறிக்கை: ‘தி நேம்சேக்’ திரையிடலும் அதையொட்டி எழுந்த கோரிக்கையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, குடும்பத்தோடு வந்திருக்கும் சங்க உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

தெற்குக் கொல்கத்தாவில் நம் தமிழ்ச் சங்கம் இன்னொரு ஆண்டை நிறைவு செய்திருக்கிறது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. நவராத்திரியும் துர்கா பூஜையும் சேர்ந்தே வருவதால் மாலைக் கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு, கொலு பார்க்க வந்த வங்காளி அக்கம்பக்கத்தாருக்குச் சுண்டலும் தாம்பூலமும் கொடுத்தோம். நூலக அலமாரிகளுக்குக் கரையான் மருந்து அடித்தாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

திரைப்படப் பிரிவின் ஒரு மாலையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜும்பா லாஹிரி 2003இல் எழுதிய நாவலை மீரா நாயர் 2006இல் ‘தி நேம்சேக்’ என்று படமாக்கினார். திரைக்கதை சூனி தாராப்போர்வாலா. அந்தப் படத்தை நம் கூடத்தில் திரையிட்டோம். பக்கத்துத் தெருக்களிலிருந்து வங்காளி நண்பர்களும் வந்திருந்தார்கள். வங்காளத் திரைப்பட மேதைகள் சத்யஜித் ராய்க்கும் ரித்விக் கட்டக்குக்கும் படத்தைக் காணிக்கையாக்கியிருக்கும் வரி திரையில் வந்தபோது அவர்கள் கைதட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொல்கத்தா இளைஞர் அசோக் கங்குலி ஒரு ரயில் விபத்தில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்புகிறார். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தது ருஷ்ய எழுத்தாளர் நிகோலாய் கோகோலின் சிறுகதை. கையில் கசங்கியிருந்த அந்தப் புத்தகத் தாள்தான் தேடி வந்தவர்களுக்கு அவரைக் காட்டிக்கொடுக்கிறது. பிறகு ஆஷிமாவை மணந்து அமெரிக்கா போகிறார். அங்கே பிறந்த மகனுக்கு ‘கோகோல்’ என்ற பெயர் அமைகிறது. பையனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஏன் அந்தப் பெயர் என்பது வெகுகாலம் அவனுக்குத் தெரியவே தெரியாது.

நாவலில் அந்த விபத்து ஜாம்ஷெட்பூர் போகும் வழியில் காட்சிலா பக்கம் நடக்கிறது. ஹவுராவிலிருந்து கரக்பூர் வரை நம் மெட்ராஸ் மெயில் போகும் தடமும் அதுதான். அந்தத் தடத்தில் வந்து இறங்கி, ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நாம். வங்காளிகள் வெளியூர்க்காரர்களாகிப் போன கதையை, வங்காளத்தில் வெளியூர்க்காரர்களாக வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தோம். நம் பிள்ளைகளில் பலருக்குத் திரையில் வந்த வங்காளி வசனங்களுக்குத் துணைத்தலைப்பு தேவைப்படவில்லை.

படத்துக்குப் பிறகு காரசாரமான விவாதம் நடந்தது. நாவலில் குடும்பம் பாஸ்டன் பக்கம் வாழ்கிறது. நாயர் அதை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டார். அதைச் சிலர் ஏற்கவில்லை. கோகோலின் மனைவி மௌஷுமிக்கு நாவலில் அவள் பார்வையிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. படம் அவளை அவசரமாகக் கடந்து போகிறது என்று ஓர் இளம் உறுப்பினர் சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆஷிமாவாக வரும் தபுவும் அசோக்காக வரும் இர்ஃபான் கானும் பேசும் வங்காளி அவ்வளவு சுத்தமில்லை என்றார் ஒரு விருந்தினர். ஆனால் அவரே, ஆஷிமா புது வீட்டில் தனியாக உட்கார்ந்து, பொட்டலத்தில் வந்த அமெரிக்கப் பொரியில் கடலையும் மிளகாய்ப் பொடியும் கலந்து சாப்பிடும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் சொன்னார்.

என் கருத்தையும் பதிவு செய்கிறேன். நாவல் பெரும்பாலும் மகனுடையது. படம் தாய் தகப்பனுடையது. மாமியாரை இழந்த துக்கத்தில் இருந்தபோது இந்த நாவலைப் படித்ததாக நாயர் சொல்லியிருக்கிறார். அந்தத் துக்கம் கதையின் எடையைப் பெரியவர்கள் பக்கம் சாய்த்திருக்கிறது. அதனால்தான் படம் நம்மை இந்த அளவு தொட்டது. ‘காதல் தேசம்’ படத்தில் இளம்பெண்ணாகப் பார்த்த தபு, இதில் பெண்பார்க்க வந்தவரின் அமெரிக்க ஷூவில் ஆசையோடு காலை நுழைத்துப் பார்க்கும் பெண்ணாகவும், அவரை இழந்து நிற்கும் விதவையாகவும் ஒரே படத்தில் வாழ்ந்திருக்கிறார். 2020இல் நம்மை விட்டுப் போன இர்ஃபான், குரலை உயர்த்தாமலே ஒரு முழுத் தகப்பனை நடித்துக் காட்டினார்.

கடற்கரைக் காட்சி ஒன்று உண்டு. சின்ன மகனை அழைத்துக்கொண்டு அசோக் கற்களின் மேல் நடந்து கடலின் ஓரம்வரை போகிறார். கேமராவை மறந்துவிட்டார். படம் எடுக்க முடியாததால், இதை நினைவில் வைத்துக்கொள் என்று பிள்ளையிடம் சொல்கிறார். பெயருக்குப் பின்னாலிருக்கும் விபத்துக் கதையையோ, மகன் வளர்ந்து பெரியவனான பிறகுதான் சொல்கிறார். சொன்ன பிறகு இருவருக்கும் கிடைத்த காலம் கொஞ்சம். திடீரென்று மாரடைப்பில் தந்தை போய்விட, மகன் தலையை மழித்துக்கொண்டு தாயின் முன் வந்து நிற்கிறான். கூடத்தில் அப்போது ஒருவரும் பேசவில்லை.

அந்தக் காட்சிகளைப் பற்றிப் பேசும்போதுதான் ஒரு கோரிக்கை எழுந்தது. நம் பெரியவர்கள் இந்த ஊருக்கு ஏன் வந்தார்கள், முதலில் எந்த வீட்டில் தங்கினார்கள், எந்தக் கடையில் வாழையிலை வாங்கினார்கள் என்பதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. இந்த ஆண்டிலும் மூத்த உறுப்பினர்கள் சிலரை இழந்தோம். அவர்களுக்கு இச்சபை அஞ்சலி செலுத்துகிறது. அவர்களிடம் கேட்க நினைத்ததை நாம் கேட்காமலே விட்டோம்.

ஆகவே, சங்கத்தின் மூத்தவர்களை அவரவர் வீட்டிலேயே சந்தித்து, அவர்கள் சொல்வதைக் குரலாகப் பதிவு செய்து, எழுத்திலும் நூலகத்தில் வைக்கும் பணியை வரும் ஆண்டின் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகள் பதிவு செய்யட்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதித் தரட்டும். வங்காளி கலந்த தமிழில் பேசுபவர்களின் பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். இளைஞர்கள் சிலர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். பதிவுக் கருவிக்கான தொகையைப் பொருளாளர் தம் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

கூடத்தைச் சுத்தம் செய்து தந்தவர்களுக்கும், திரையிடலன்று அனைவருக்கும் ஜால்மூரி என்ற வங்காளிக் காரப்பொரி கலந்து கொடுத்த மகளிர் அணியினருக்கும் நன்றி. இந்த அறிக்கையையும் மேற்சொன்ன பரிந்துரையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்