பயணச் சுவர்: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் நூலக அறையின் வடக்குச் சுவரில், அமெரிக்காவின் மேற்கே பசிபிக் கடல்வரை வழி தேடிப்போன லூயிஸ், கிளார்க் என்ற இரு தலைவர்களின் குழுவினருடைய 1804–1806 பயணத்தை மரப்பலகை வரைபடமாக அமைக்கும் வேலை முடிந்துவிட்டது. கதவை ஒட்டி, நம் செயின்ட் லூயிஸுக்குச் சற்று வடக்கே மிசௌரி ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடம். 1804 மே 14 அன்று படகுகள் கிளம்பியது அதன் எதிர்க்கரையிலிருந்துதான். ஜன்னல் பக்கம் பசிபிக் கடல். ஆற்றைப் பள்ளமாகச் செதுக்கியிருப்பதால் குழந்தைகள் விரலால் தடவிக்கொண்டே கடல்வரை போகலாம்.

வேலை இழுத்துப்போனது உண்மை. முதலில் மாட்டிய பலகைகள் சுவரின் ஈரத்தில் வளைந்துவிட்டன. அவற்றைக் கழற்றி, பின்னால் காற்றோட்டத்துக்கு ரீப்பர் அடித்து, மறுபடி மாட்டினோம். அந்தச் செலவைக் குழுவினரே பகிர்ந்துகொண்டோம். பொது நிதியைத் தொடவில்லை.

அதைவிட அதிக நாள் எடுத்தது வாசகம். முதல் வரைவில், "ஆளில்லாத காட்டில் வழி கண்டார்கள்" என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த மூத்த உறுப்பினர் ஒருவர், "ஆளே இல்லையென்றால் இவர்களுக்குச் சோறு போட்டது யார்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உட்கார்ந்து மறுபடி படித்தோம். முதல் குளிர்காலத்தில் பூர்வகுடிகளான மாண்டன் மக்களின் சோளம்தான் உயிர் காத்தது. மலை ஏறக் குதிரை தந்தவர்கள் ஷோஷோனியர். அங்கே தலைவராக இருந்தவர், குழுவோடு வந்த ஷோஷோனியப் பெண் சகாகவியாவின் அண்ணன். பிட்டர்ரூட் மலைகளைத் தாண்டிப் பட்டினியோடு இறங்கியவர்களுக்கு நெஸ் பெர்ஸ் மக்கள் மீனும் கமாஸ் கிழங்கும் கொடுத்தார்கள், மரத்தை நெருப்பால் குடைந்து ஓடம் செய்யக் காட்டினார்கள், விட்டுப்போன குதிரைகளையும் பார்த்துக்கொண்டார்கள். 1803-இல் 15 மில்லியன் டாலருக்குப் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு விற்ற நிலத்தில் வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த "ஆளில்லாத காட்டில்" வரியை எடுத்துவிட்டோம். இந்த மக்களின் பெயர்கள் இப்போது இரண்டு தலைவர்களின் பெயர் அளவிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன.

யார்க்குக்குத் தனிப் பலகை வேண்டுமா என்று விவாதம் நடந்தது. வேண்டும் என்று முடிவானது. அவர் கிளார்க்கின் அடிமை. 1805 நவம்பர் 24 அன்று, கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில், எங்கே குளிர்காலம் தங்குவது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டபோது அவர் கருத்தும் குறிக்கப்பட்டது, சகாகவியாவின் கருத்தும்தான். திரும்பி வந்த பிறகு வீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் நிலமும் கிடைத்தன. யார்க்குக்கு எதுவும் கிடைக்கவில்லை, விடுதலையைக்கூடக் கிளார்க் உடனே தரவில்லை. பலகையில் இதை அப்படியே எழுதியிருக்கிறோம், மென்மைப்படுத்தவில்லை.

மிசௌரி ஆற்றின் பெரிய அருவிகள் பகுதியைத்தான் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். சுமார் 18 மைல் தூரம், மரச் சக்கரங்களில் ஓடங்களை ஏற்றி, சப்பாத்திக்கள்ளி முள் தோல்செருப்பைத் துளைக்க இழுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் லூயிஸ் அவ்வளவு தூரம் சுமந்துவந்த, தோல் தைத்துப் போர்த்தும் இரும்புச் சட்டப் படகு, தையல் துளைகளை அடைக்கப் பிசின் கிடைக்காமல் ஒழுகிப் பயனற்றுப் போனது. அந்தச் சட்டத்தின் சிறு மாதிரியை நம் தச்சர் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். அவருக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு அலுவலக அறையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். கடலோரத்தில் அவர்கள் கட்டிய கிளாட்ஸாப் கோட்டை இருக்கும் மூலைக்கு இன்னும் விளக்கு போடவில்லை. அதுவரை மாலையில் வருகிறவர்கள் மேசை விளக்கை எடுத்துப் பிடித்துப் பாருங்கள்.

பணிக் குழு