தவிட்டைக் கூட்டாதே, கண்ணு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஷில்லாங்கில் இரவுக் குளிர் 5 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்றும், நீ போகும் கிராமங்களில் பால் மறந்த பன்றிக்குட்டிகள் நடுங்கி மெலிகின்றன என்றும் எழுதியிருந்தாய். குளிர் தாங்கட்டும் என்று வீட்டுக்காரர்கள் தவிட்டையும் சேம்பையும் கூடுதலாக வேகவைத்து வயிறு முட்டக் கொடுக்கிறார்களாம். அந்த வரியைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் செய்வது வளர்ந்த பன்றிக்குச் சரி. தவிட்டிலும் தழையிலும் உள்ள நார் பெருங்குடலில் புளிக்கும்போது உடம்புக்குள் சூடு பிறக்கும். சினைப்பன்றிக்கு அது நல்ல கணப்பு. குட்டிக்கு அந்தக் குடல் இன்னும் முதிரவில்லை. அதன் சிறிய வயிற்றை நார் அடைத்துக்கொண்டால், சூடு தரும் மாவுச்சத்துக்கு இடமே இருக்காது. வயிறு நிறைந்த குட்டி பட்டினியில் நடுங்குவது இப்படித்தான். அதனால் தவிட்டைக் குறைத்து மக்காச்சோளத்தையும் குருணையையும் கூட்டச் சொல். இரண்டையும் நன்றாக வேகவைக்க வேண்டும். பால் மறந்த புதிதில் பச்சை மாவைச் செரிக்கும் திறன் குட்டிக்குக் குறைவு.

இன்னொன்று. குளிருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது எரிசக்தி, புரதம் அல்ல. வழக்கமான அளவுக்கு மேல் சோயாப் புண்ணாக்கை வாங்கிக் கொட்டினால் காசும் போகும், கழிச்சலும் வரலாம். கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பது நல்லது. ஆனால் பால் மறந்த முதல் இரண்டு வாரம் குட்டிக்குக் கொழுப்பு சரியாகச் செரிக்காது; 100 கிலோ தீவனத்துக்கு 2 கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்று. நம் தேங்காய் எண்ணெய் இளம் குடலுக்கு எளிதில் செரிப்பது. கிடைத்தால் அதையே வாங்கச் சொல்.

எவ்வளவு கூட்டுவது என்று கேட்டிருந்தாய். 20 கிலோவைத் தாண்டிய பன்றிக்கு, அதற்கு இதமான வெப்பத்திலிருந்து குறையும் ஒவ்வொரு டிகிரிக்கும் நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தீவனம் கூடுதலாக வேண்டும். 10 டிகிரி குறைந்தால் கால் கிலோ. வளர்ந்த பன்றி அதைத் தின்றுவிடும். ஆறேழு கிலோ எடையுள்ள, இப்போதுதான் பால் மறந்த குட்டிக்கு 28 டிகிரியாவது வேண்டும். உங்கள் ஊர் இரவின் குறையைத் தின்று ஈடுகட்ட அதனால் முடியவே முடியாது. ஆகவே தீவனத்தோடு வைக்கோலையும் சேர்த்தே பேசு. சிமென்ட் தரை சூட்டை உறிஞ்சிவிடும். காய்ந்த வைக்கோல் தடிமனாகக் கிடந்தால் கொட்டில் சில டிகிரி சூடேறியதற்குச் சமம். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். பக்கத்தில் பக்கத்தில் பரவிப் படுத்திருந்தால் போதுமான சூடு இருக்கிறது. போனதும் முதலில் அதைப் பார், பிறகு தொட்டியைப் பார்.

ஒரே வேளையில் நிறையக் கொட்டாமல் நாலைந்து வேளையாக, வெதுவெதுப்பான கஞ்சிப் பதத்தில் கொடுக்கச் சொல். கடைசி வேளை இரவு படுக்கப்போகும் முன். செரிமானத்தில் வரும் சூடு கடுங்குளிர் நேரத்தில் உதவும். மிச்சத்தைத் தொட்டியில் புளிக்க விடக்கூடாது. தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பனித்தண்ணீரைக் குட்டி குடிக்காது, குடிக்காவிட்டால் தின்னவும் தின்னாது.

பிறந்த குட்டியைப் பற்றி நீ எழுதவில்லை. எனக்கோ அதில்தான் கவலை. உங்கள் மலையின் நியாங் மேகா இனம் முதுகில் முரட்டு மயிரோடு குளிரைத் தாங்கும். ஆனாலும் பிறந்த அன்று எந்தக் குட்டிக்கும் அந்தப் பலம் கிடையாது. அதன் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். வேறு பல விலங்குகளின் குட்டிகளுக்கு இருக்கும், சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பும் இல்லை. அதற்கு 34 டிகிரி வேண்டும். ஈரலில் சேமித்த சர்க்கரை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். அதற்குமுன் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் 200 முதல் 250 கிராம். நோயெதிர்ப்பும் அதில்தான் வருகிறது, ஒரு நாள் கழிந்தால் குடல் அதை ஏற்காது. ஈன்றவுடன் துணியால் துடைத்துக் காயவைத்து, மடியில் சேர்க்க வேண்டும். சில்லிட்டுக் கிடக்கும் குட்டியின் வாயில் பாலை ஊற்ற விடாதே, புரையேறும். முதலில் அதைச் சூடாக்கு, பிறகு பால். குட்டிகள் அதிகமென்றால், குடித்து நிறைந்த பெரியவற்றை வைக்கோல் கூடையில் ஒரு மணி நேரம் எடுத்துவைத்துவிட்டுச் சிறியவற்றுக்கு மடியை விட்டுக்கொடு. இரவு விழித்திருக்கும் வேலைதான். அந்த வீட்டுப் பெண்களோடு முறைவைத்துச் செய்.

குளிருக்குச் சத்தாக இருக்கட்டும் என்று கடைகளில் மிஞ்சும் உணவை வாங்கிப் போடும் வழக்கம் இருந்தால் கண்டிப்பாக நிறுத்து. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் நுழைந்தது; உங்கள் மேகாலயாவையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு மருந்தே இல்லை. பன்றி இறைச்சித் துணுக்கு கலந்த எச்சிலுணவு அதைப் பரப்பும் வழிகளில் முக்கியமானது.

இரண்டு கொட்டில்களில் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்து, பால் மறந்த அன்றும் இரண்டு வாரம் கழித்தும் எடை போட்டு எழுது. அதைப் பார்த்துவிட்டு எண்ணெயை எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா